தம்பியின் தாடை உடைந்தபோது நான் கற்ற முக எலும்புகள்

முகத்தில் அடிபட்டவரைக் கண்டால் நம் கண் முதலில் போவது இரத்தத்துக்கும் வீக்கத்துக்கும்தான். ஆனால் எலும்பைப் பற்றி அந்த இரண்டும் அதிகம் சொல்லுவதில்லை. முகத்துத் தோலில் இரத்த ஓட்டம் நிறைய என்பதால் ஒரு சின்ன வெட்டுக்கே கொட்டும். தாடை இரண்டாக உடைந்த ஒருவரோ, முகத்தைத் துடைத்துவிட்டால், ஏறக்குறைய வழமைபோலவே தெரிவார். எலும்பு உடைந்ததா இல்லையா என்பதை முகம் செய்யும் வேலைகள்தான் காட்டித் தருகின்றன. பல் பொருந்துகிறதா, வாய் திறக்கிறதா, கண் ஒன்றாகப் பார்க்கிறதா, தொட்டால் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். இதை எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்ற ஆசையில் எழுதுகிறேன்.

நான் திருகோணமலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். மண்டையோட்டில் 22 எலும்புகள், அதில் மூளையை மூடி இருப்பவை 8, முகத்தில் இருப்பவை 14 என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறேன். தம்பி ஒரு நாள் இரவு நிலாவெளி வீதியால் வீடு திரும்பிக்கொண்டிருந்தான். தார் வீதியின் சூட்டுக்கு மாடுகள் நடுவீதியில் படுத்துக் கிடக்கும் என்பது எங்கள் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் ஓடும் எல்லோருக்கும் தெரியும். வளைவு தாண்டியதும் மாடுகளைக் கண்டு பிரேக் பிடித்திருக்கிறான், சக்கரம் சறுக்கி, நாடி நிலத்தில் அடிபட விழுந்துவிட்டான். தலையில் ஹெல்மெற் இருந்தது. ஆனால் அது காதோடு நின்றுவிடும் அரை ஹெல்மெற். மண்டையில் ஒரு கீறல் இல்லை, நாடியின் கீழே மட்டும் ஒரு சிறிய வெட்டு.

அந்த இடத்தில் நின்ற கடைக்காரர் ஒருவர் செய்த காரியத்துக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன். தம்பியை மல்லாக்கப் படுக்க வைக்கவில்லை. அவன் சுயநினைவோடு இருந்தான், கைகால் அசைத்தான், கழுத்து வலியில்லை என்றும் சொன்னான். அவனை முன்பக்கம் குனிந்து இருக்கவைத்து, வாயிலிருந்து வந்த இரத்தத்தைத் துப்பச் சொல்லியிருக்கிறார். நாக்கின் அடித்தசை கீழ்த்தாடையின் உட்பக்க நடுவில்தான் பிடித்திருக்கிறது. அந்த இடம் உடைந்து தளர்ந்தால் நாக்குக்குப் பிடிமானம் போய்விடும், மல்லாந்து படுத்தவரின் நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைக்கலாம். விழுங்கும் இரத்தம் வயிற்றைப் பிரட்டிச் சத்தியும் வரவைக்கும். நினைவு தப்பியவராக இருந்தால் தலை, கழுத்து, உடல் மூன்றையும் ஒரே நேரத்தில் திருப்பி ஒருக்களித்துக் கிடத்த வேண்டும். 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கும்போதே 'முகத்தில் அடி, வாயால் இரத்தம் வருது' என்று சொல்லிவிடுங்கள், அதற்கேற்ற ஆயத்தத்தோடு வருவார்கள்.

ஆஸ்பத்திரியில் முகத்தாடைச் சத்திரசிகிச்சை நிபுணர் வந்து கேட்ட முதல் கேள்வி, "எங்க நோகுது?" என்பதல்ல. "தம்பி, பல்லைக் கடிச்சுப் பாரும். முந்தி மாதிரிப் பொருந்துதா?" என்றுதான் கேட்டார். தம்பி இல்லையென்று தலையாட்டினான். அதைக் கேட்டவுடனேயே டொக்டர் எக்ஸ்ரேக்கு எழுதினார். நாங்கள் ஒவ்வொரு நாளும் எத்தனையோ தடவை பல்லைக் கடிக்கிறோம். மேல்வரிசையும் கீழ்வரிசையும் எங்கே சந்திக்கும் என்பது மூளைக்கு அவ்வளவு துல்லியமாகப் பழகியிருக்கிறது. ஒரு மயிரிழை விலகினாலும் 'ஏதோ மாறிப்போச்சு' என்று ஆளுக்குத் தெரியும். அடிபட்டவர் அப்படிச் சொன்னால், எக்ஸ்ரே வரும்வரை தாடை உடைந்ததாகவே எண்ணி நடந்துகொள்ளுங்கள்.

கீழ்த்தாடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மண்டையோட்டின் 22 எலும்புகளில் அசைவது இது ஒன்றுதான். மற்றவை எல்லாம் பொருத்துக்கோடுகளால் இறுகியவை. பிறக்கும்போது கீழ்த்தாடை இரண்டு பாதிகளாக இருந்து, முதல் வயதுக்குள் நாடியின் நடுவில் ஒட்டி ஒன்றாகிறது. அதன் இரண்டு பின்நுனிகளும் காதுக்குச் சற்று முன்னால் பொட்டெலும்பின் குழியில் மூட்டாகப் பொருந்துகின்றன. காதுத் துளைக்கு முன்னால் விரல் நுனியை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். விரலுக்கு அடியில் ஒரு குமிழ் உருண்டு, பிறகு முன்னால் வழுக்குவது தெரியும். முதலில் சுழற்சி, அப்புறம் வழுக்கல் என்ற இந்த இரண்டு அசைவும் சேர்ந்தால்தான் வாய் முழுதாகத் திறக்கும்.

இது வளைந்த எலும்பு, இரண்டு முனையும் மண்டையில் பொருந்தியிருக்கிறது. அதனால் ஒரு பக்கம் விழும் அடி மறுபக்கத்தையும் உடைப்பது சாதாரணம். ஒரு முறிவைக் கண்டால் இரண்டாவதைத் தேடு என்பது அவர்களுடைய பாடம் என்று டொக்டர் சொன்னார். தம்பிக்கும் அப்படித்தான். நாடிக்கு வலப்பக்கத்தில் வேட்டைப்பல் அருகே ஒன்று, இடப்பக்கக் காதுக்கு முன்னால் மூட்டுக்குமிழைத் தாங்கும் கழுத்துப் பகுதியில் இன்னொன்று. வாய் திறக்கச் சொன்னால் நாடி இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போனது. மூட்டுக்கழுத்து உடைந்தால் தாடை உடைந்த பக்கத்துக்கே சாயும், இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

அந்த மூட்டுக்கழுத்து ஏன் இவ்வளவு மெல்லியதாக இருக்கிறது என்று கேட்டேன். அவர் விளக்கியபோது எனக்குப் புல்லரித்தது. குழிக்கு நேர்மேலே மூளை இருக்கிறது, இடையில் இருப்பது ஒரு மெல்லிய எலும்புத் தகடு. நாடியில் விழுந்த பலமான அடி அப்படியே மேலே ஏறினால் மூட்டுக்குமிழ் அந்தத் தகட்டைத் துளைத்துவிடும். அதற்கு முன்னமே மூட்டுக்கழுத்து முறிந்து அந்த விசையை அங்கேயே முடித்துவிடுகிறது. தம்பியின் தாடை உடைந்ததால்தான் அவன் மூளை தப்பியிருக்கிறது.

பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்காரர்கள் இதைத் தவறாமல் கவனியுங்கள். சைக்கிளால் விழுந்தோ, சீமெந்துத் தரையில் வழுக்கியோ பிள்ளைக்கு நாடியில் வெட்டுப்படும். தையல் போட்டு, 'சரி, சின்னக் காயம்' என்று கூட்டிவந்துவிடுவோம். ஆனால் அதே அடி காதடியில் மூட்டுக்கழுத்தை முறித்திருக்கலாம். கீழ்த்தாடை நீளமாக வளர்வதில் அந்த மூட்டுக்கும் பங்கு உண்டு. கவனிக்காமல் விட்டால் மூட்டு இறுகி வாய் திறக்க முடியாமல் போகலாம், நாடியும் ஒரு பக்கம் வளராமல் நின்றுவிடலாம். நாடியில் காயம்பட்ட பிள்ளையை வாய் திறக்கச் சொல்லிப் பாருங்கள். கோணினாலோ, காதுக்கு முன்னால் நோகுது என்றாலோ, காதால் இரத்தம் வந்தாலோ தையலோடு நிறுத்தாமல் தாடையையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மறுநாள் பார்க்க வந்தவர்களில் ஒரு மாமி, "ஏன் மகள் வெட்டுக்கொத்து? எங்கட முறிவு வைத்தியரிட்ட காட்டி எண்ணெய் போட்டுக் கட்டுவமே" என்றா. அன்போடு சொன்ன வார்த்தை. கைகால் முறிவில் கைதேர்ந்த வைத்தியர்கள் எங்கள் மாவட்டத்தில் உண்டு. தாடையில் சிக்கல் என்னவென்றால், பல் இருக்கும் பகுதியில் முரசு எலும்போடு இறுக ஒட்டியிருக்கிறது. எலும்பு முறியும்போது முரசும் கிழிகிறது, முறிவு வாய்க்குள் திறந்த புண்ணாகிவிடுகிறது. உமிழ்நீரும் கிருமிகளும் நேரே எலும்புக்குள் போகும். அதனால்தான் முதல் நாளிலிருந்தே நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுக்கிறார்கள். நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தால், அடியில் கருநீலமாக இரத்தம் கண்டிப்போயிருந்தது. அதுவும் தாடை உடைந்ததற்கு நல்ல அடையாளம், வீட்டில் ஒரு டோர்ச் போதும் பார்ப்பதற்கு.

தம்பிக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒருவர் இருந்தார். உல்லாசப் பயணிகளைப் புறாமலைக்குப் படகில் கூட்டிப்போகிறவர். கரை சேரும் நேரம் அலை தூக்கி, படகின் விளிம்பு கன்னத்தில் அடித்திருக்கிறது. முதல் நாள் முகம் உப்பிப்போய் இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. வீக்கம் வற்ற வற்ற, ஒரு கன்னம் தட்டையாகி இருப்பது தெரிந்தது. தட்டையாவதைப் பார்க்கச் சிறந்த இடம் முன்பக்கம் அல்ல. ஆளை இருக்கவைத்து, நாம் பின்னால் நின்று, நெற்றிக்கு மேலால் எட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு கன்னமேடுகளும் சமமாகத் துருத்துகின்றனவா என்று அப்போதுதான் தெரியும்.

அவருக்கு வாயும் திறக்கவில்லை, தாடையில் முறிவு இல்லாமலே. கன்ன எலும்பிலிருந்து காதுவரை ஒரு வளைவு போகிறது, தொட்டுப் பார்த்தால் கைக்குத் தெரியும். அந்த வளைவுக்கு உள்ளே கீழ்த்தாடையின் முன்கொம்பும் அதை இழுக்கும் பொட்டுத்தசையும் ஏறி இறங்குகின்றன. வளைவு உள்ளே குழிந்தால் கொம்பு முட்டிக்கொண்டு நின்றுவிடும். மயிருக்குள் மறையும்படி பொட்டில் ஒரு சின்ன வெட்டுப் போட்டு, தசைக்கு மேலுள்ள உறைக்கு அடியால் ஒரு நெம்புகோலை விட்டு, உடைந்த எலும்பைத் தூக்கிவிட்டார்கள். முதலாம் உலகப் போரில் முகம் சிதைந்த படைவீரர்களுக்குச் சிகிச்சை செய்த ஹரோல்ட் கில்லிஸ் 1927இல் தன் சகாக்களோடு எழுதிய முறை அது. இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

முகத்தின் நடுப்பகுதியை விளங்கிக்கொள்ள எனக்கு உதவியது எங்கள் ஊர்க் கிடுகுக் கொட்டில்தான். பாரம் தாங்குவது கப்பும் வளையும். இடையில் கிடுகு மறைப்பு மட்டும். மேல்தாடையும் அப்படியே. மூக்கின் ஓரமாக ஒரு தடித்த தூண், கடைவாய்ப்பல்லிலிருந்து கன்ன எலும்பு வழியாக இன்னொன்று, பின்னால், மண்டையின் அடித்தளத்தில் உள்ள ஆப்பெலும்போடு சேரும் மூன்றாவது. நாம் கடிக்கும் விசை இந்தத் தூண்களால் ஏறி மண்டைக்குப் போகிறது. இடையில் இருப்பவை மெல்லிய தகடுகளும் காற்றறைகளும். சத்திரசிகிச்சையில் தகடும் ஆணியும் இந்தத் தூண்களில்தான் பொருத்துவார்கள், வேறு இடத்தில் ஆணி பிடிக்காது. முகம் எந்தக் கோடுகளில் உடைகிறது என்று பிரான்சில் லீல் நகரத்தைச் சேர்ந்த ரெனே லெ ஃபோர் பிணங்களில் ஆராய்ந்து 1901இல் எழுதினார். லெ ஃபோர் ஒன்று, இரண்டு, மூன்று என்று டொக்டர்கள் இன்றும் சொல்வது அந்தக் கோடுகளைத்தான்.

படகுக்காரருக்கு டொக்டர் மிகக் கண்டிப்பாகச் சொன்னது, மூக்குச் சிந்தக்கூடாது என்பது. மேல்தாடைக்குள் இருக்கும் காற்றறை உடைந்திருக்கும்போது மூக்கைச் சிந்தினால், காற்று கிழிசலால் நுழைந்து கண்ணைச் சுற்றிய மென்மையான பகுதிக்குள் போய்விடும். கண் சட்டென்று வீங்கும், அழுத்தினால் நறநறவென்று கேட்கும், கிருமியும் கூடவே போகும். மாரி மழை தொடங்கிய காலம், அவருக்குத் தடிமன் வேறு. தும்மல் வந்தால் மூக்கைப் பொத்தாமல் வாயைத் திறந்து தும்முங்கோ என்று நேர்ஸ் அக்கா சொல்லிக்கொண்டே இருந்தா. சுழியோடவும் கூடாது என்றார்கள், தண்ணீரின் அழுத்தமும் அதே கெடுதலைச் செய்யும். கடலில் பிழைக்கிறவருக்கு அது பெரிய இழப்பு. ஆனாலும் ஏன் என்று விளக்கியபோது மனிதர் உடனே ஒத்துக்கொண்டார். காரணத்தைச் சொல்லிவிட்டால் சனம் கேட்கும் என்பதை நான் வகுப்பிலும் கண்டிருக்கிறேன்.

இனி, ஆஸ்பத்திரியில் நான் கண்ட ஒரு சின்னப் பையன். கிரிக்கெட் பந்து கண்ணில் பட்டதாகக் கொண்டுவந்தார்கள். கண்ணைப் பார்த்தால் வெள்ளையாக, ஒரு சிவப்பும் இல்லாமல் இருந்தது. இமையில்கூடப் பெரிய வீக்கம் இல்லை. ஆனால் பிள்ளை சத்தி எடுத்துக்கொண்டே இருந்தான். மேலே பார் என்றால் ஒரு கண் மட்டும் ஏறியது, மற்றது அப்படியே நின்றது. கண்குழி 7 எலும்புகள் சேர்ந்து ஆனது: நெற்றி, கன்னம், மேல்தாடை, ஆப்பெலும்பு, நெய்யரி எலும்பு, கண்ணீர் எலும்பு, அண்ண எலும்பு. விளிம்பு பலமானது, ஆனால் உட்பக்கச் சுவரும் அடித்தளமும் ஒரு மில்லிமீற்றரை விடவும் மெல்லியவை. பந்து பட்டதும் அடித்தளம் கீழ்நோக்கி வெடிக்கிறது. பெரியவர்களில் அது உடைந்து திறந்தே கிடக்கும். பிள்ளைகளின் எலும்பு வளையும் தன்மை உள்ளது என்பதால், திறந்து உடனே மூடிக்கொள்கிறது. மூடும்போது கண்ணை அசைக்கும் தசை அதற்குள் அகப்பட்டுவிடும். அந்தத் தசை இழுபடும்போது நாடித்துடிப்பு குறைந்து, குமட்டலும் வரும். தலையில்தான் ஏதோ என்று நினைத்து, கண்ணை விட்டுவிடும் ஆபத்து இதில் இருக்கிறது. அகப்பட்ட தசை இரத்தம் இல்லாமல் கெட்டுவிடும் என்பதால் 48 மணித்தியாலங்களுக்குள் விடுவிக்கப் பார்ப்பார்கள். பந்து பட்ட பிள்ளையின் தலையை அசையாமல் பிடித்து, உங்கள் விரலை மேலே, கீழே, இரண்டு பக்கமும் கொண்டுபோய்க் கண்ணால் தொடரச் சொல்லுங்கள். இரண்டு விரலாகத் தெரியுது என்றாலோ, ஒரு கண் பின்தங்கினாலோ, அன்றே ஆஸ்பத்திரி. கண் வெள்ளையாக இருப்பதைப் பார்த்து ஆறுதல் அடையாதீர்கள்.

விறைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். புருவத்தின் உட்பாதியில் விரலால் தடவினால் எலும்பு விளிம்பில் ஒரு சின்னப் பள்ளம் தட்டுப்படும். கண்குழியின் கீழ்விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு துளை, கீழ்த்தாடையில் முன்கடைவாய்ப்பல்லின் வேருக்குக் கீழே இன்னொரு துளை. நேரே பார்க்கும்போது கண்மணி வழியாக ஒரு செங்குத்துக் கோடு இழுத்தால் மூன்றும் ஏறத்தாழ அதே கோட்டில் வரும். முகத்தின் தொடுகை நரம்பு மூன்று கிளைகளாக அந்த வாசல்களால் வெளியே வருகிறது. ஆகவே எந்த இடம் விறைத்திருக்கிறது என்று கேட்டாலே எந்த எலும்பு உடைந்தது என்று ஓரளவு ஊகிக்கலாம். படகுக்காரருக்குக் கன்னமும் மேலுதடும் மேல்முன்பல்லும் விறைத்திருந்தன. தம்பிக்குக் கீழுதடும் நாடியும். வீடு வந்த பிறகு சவரம் செய்யும்போது நாடியை வெட்டிக்கொண்டு, இரத்தம் சட்டையில் விழுந்த பிறகுதான் கண்டான். சூடான தேத்தண்ணி உதட்டில் பட்டதும் தெரியவில்லை. விறைப்பு உள்ளவருக்குக் கொடுக்கும் எதையும் நாமே முதலில் தொட்டுப் பார்த்துக் கொடுப்பது நல்லது. நரம்பு அறுபடாமல் நசுங்கி மட்டும் இருந்தால் மாதக்கணக்கில் மெதுவாகத் திரும்பும். எறும்பு ஊர்வது மாதிரி இருக்குது அக்கா என்று அவன் சொன்ன நாளில் அம்மா கோணேசருக்கு அர்ச்சனை செய்யப் போனா.

சத்திரசிகிச்சையில் வாய்க்குள்ளாலேயே முரசைத் திறந்து, நாடி முறிவுக்கு ரைட்டேனியத் தகடு வைத்தார்கள். மூட்டுக்கழுத்தை வெட்டாமல், மேல்கீழ்ப் பற்களில் வளைகம்பி கட்டி ரப்பர் வளையங்களால் சேர்த்துவிட்டார்கள். பல் சரியாகப் பொருந்தி நின்றால் எலும்பு அதற்கேற்ற மாதிரிச் சேரும் என்பது அதன் அடிப்படை. தகடு வைக்காமல் கம்பி மட்டும் கட்டினால் பொதுவாக 4 முதல் 6 கிழமை வாய் மூடியிருக்கும்.

வாய் கட்டியிருக்கும் காலத்தில் வீட்டில் என்ன செய்வது என்பதைத்தான் என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். முதலாவது, கத்தரிக்கோல். ரப்பர் என்றால் கத்தரிக்கோல், கம்பி என்றால் கம்பி வெட்டும் குறடு, எந்நேரமும் ஆளோடு இருக்க வேண்டும். சத்தி வந்து மூச்சு அடைத்தால் எங்கே வெட்டுவது என்று ஆஸ்பத்திரியிலேயே காட்டச் சொல்லிக் கேட்டு, வீட்டில் இருக்கும் எல்லோரும் பழகிக்கொள்ளுங்கள். சத்தி வரும்போது முதலில் முன்னால் குனியவேண்டும். நீராகாரமாக இருப்பதால் பெரும்பாலும் பல்லிடுக்கால் வெளியே வந்துவிடும்.

சாப்பாட்டில் முதல் கிழமை நான் கஞ்சித்தண்ணியும் மா கரைத்ததும் கொடுத்தேன். தம்பி மெலிந்துகொண்டே போனான். அப்புறம் கிளினிக்கில் சொன்னபடி, வீட்டுச் சாப்பாட்டையே அரைத்தேன். குழைய வைத்த சோறு, பருப்பு, முள்ளெடுத்த மீன், மரக்கறி எல்லாவற்றையும் சொதியோடு அரைத்து, வடித்து, கொஞ்சம் நல்லெண்ணெயோ தேங்காய்ப்பாலோ சேர்த்தால் சக்தியும் புரதமும் கிடைக்கும். சமபோஷ என்ற சத்துமாவைப் பாலில் கரைத்துக் கொடுத்தேன், முட்டையும் அவித்து அரைத்துக் கொடுத்தேன். மூன்று நேரம் போதாது, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக. உறைப்பும் புளியும் முரசுப் புண்ணை எரிக்கும். கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால் ஒரு இடைவெளி இருக்கிறது, கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையில் மெல்லிய குழாய் பொருத்திய சிறிஞ்சை விட்டால் உணவு அதனால் போகும். ஒவ்வொரு முறையும் உப்புத்தண்ணியால் கொப்பளித்து, குழந்தைகளின் சின்னப் பிரஷ்ஷால் கம்பியைச் சுற்றித் தேய்க்க வேண்டும். கன்னத்தைக் குத்தும் கம்பி நுனிக்குப் பல் கிளினிக்கில் தரும் மெழுகு போதும். சிகரெட்டும் வெற்றிலையும் எலும்பு சேர்வதையும் புண் ஆறுவதையும் தாமதப்படுத்தும், அதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

ரப்பர் கழற்றிய பிறகு வேலை முடிவதில்லை. மூட்டு இறுகியிருக்கும். வழமையாக ஒரு ஆளுக்குத் தன் மூன்று விரல்களை அடுக்கி முன்பற்களுக்கு இடையே நுழைக்கும் அளவுக்கு வாய் திறக்க வேண்டும். தம்பிக்கு ஒன்றுகூட நுழையவில்லை. ஐஸ்கிறீம் குச்சிகளை அடுக்கி, கண்ணாடி முன் நின்று, நாடி நடுக்கோட்டில் நிற்கும்படி நேராகத் திறந்து பழகினான். கண்ணாடி இல்லாமல் செய்தால் தாடை பழையபடி கோணிக்கொள்ளும்.

மூளையைப் பற்றிய பயமும் எங்களுக்கு இருந்தது. பொட்டில், நெற்றி எலும்பு, சுவர் எலும்பு, பொட்டெலும்பு, ஆப்பெலும்பு ஆகிய நான்கும் சந்திக்கும் இடம் மண்டையின் மெல்லிய பகுதி. அதன் உட்பக்கத்தை ஒட்டி ஒரு இரத்தக்குழாய் போகிறது. அங்கே அடிபட்டு அது கிழிந்தால், ஆள் எழும்பிக் கதைத்து, தேத்தண்ணி குடித்து, நல்லா இருப்பது போலத் தெரிந்து, சில மணித்தியாலத்தில் மயங்கிப் போகலாம். 'நித்திரை கொள்ள விடாதே' என்று ஊரில் சொல்வார்கள். நித்திரையால் கெடுதல் இல்லை, எழுப்பியும் எழும்பாமல் இருப்பதுதான் ஆபத்து. டொக்டர் பார்த்து வீட்டுக்கு அனுப்பிய ஆளை எழுப்பி, பெயரும் இடமும் கேட்டுப் பாருங்கள். தலைவலி கூடிக்கொண்டே போனால், சத்தி நிற்காவிட்டால், கதை குழறினால், ஒரு கண்மணி பெரிதானால் திரும்பக் கொண்டு ஓடுங்கள். கண்ணில் அடிபடாமலே இரண்டு கண்ணைச் சுற்றியும் கறுத்தால், காதுக்குப் பின்னால் துருத்தும் எலும்பில் நீலம் பாரித்தால், குனியும்போது மூக்கால் தெளிந்த தண்ணி சொட்டினால், அது மண்டையின் அடித்தளம் உடைந்ததற்கான அறிகுறி. அந்த மூக்கைப் பஞ்சால் அடைக்கக்கூடாது.

மூக்கைப் பற்றிச் சுருக்கமாக. மூக்கில் எலும்பு இருப்பது மேற்பகுதியில் மட்டும், மிச்சம் குருத்தெலும்பு. உடைந்த மூக்கை வீக்கம் வற்றிய பின் நிமிர்த்தலாம், 7 முதல் 10 நாள் வரை அவகாசம் இருக்கிறது. ஆனால் இரண்டு துவாரத்துக்கும் நடுவிலுள்ள சுவரில் சிவந்து மெத்தென்று ஒரு வீக்கம் தெரிந்து, மூச்சும் அடைத்தால் காத்திருக்க முடியாது. குருத்தெலும்புக்கு உணவு அதை மூடிய சவ்விலிருந்தே போகிறது. இடையில் இரத்தம் தேங்கினால் குருத்தெலும்பு செத்து, மூக்கு நடுவில் குழிந்துவிடும். அன்றே வெட்டி வடிக்க வேண்டும்.

விழுந்த பல்லும் அப்படித்தான், நேரம்தான் முக்கியம். நிலையான பல் முழுதாகக் கழன்று விழுந்தால் தலைப்பகுதியைப் பிடித்துத் தூக்குங்கள், வேரைத் தொடவோ தேய்க்கவோ வேண்டாம். மண் பட்டிருந்தால் ஒரு கணம் கழுவி, ஆள் தெளிவாக இருந்தால் அந்தக் குழியிலேயே திரும்ப வைத்து ஒரு துணியைக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டு, ஒரு மணித்தியாலத்துக்குள் பல் வைத்தியரிடம் போங்கள். பாற்பல்லைத் திரும்ப வைக்கக்கூடாது, கீழே இருக்கும் நிலையான பல்லின் முளை கெட்டுவிடும்.

இப்போது மண்டையோட்டுப் பாடத்தை நான் படத்தில் தொடங்குவதில்லை. பிள்ளைகள் தங்கள் முகத்தைத் தாங்களே தொடுகிறார்கள்: புருவப் பள்ளம், கண்குழி விளிம்பு, கன்ன வளைவு, காதடி மூட்டு, தாடையின் மூலை, பிடரியின் நடு மேடு. பெயர் அதற்குப் பிறகுதான். ஒரு மாணவி, தன் அம்மம்மாவின் நாடி ஏன் மூக்கை நெருங்குகிறது என்று கேட்டாள். பல் போனபின் பல்லைத் தாங்கிய எலும்பு தேய்ந்து தாடை குட்டையாகிறது, அதனால் நரம்பு வரும் துளை மேல்விளிம்புக்கு வந்துவிடுகிறது, பொய்ப்பல் அதை அழுத்தினால் சுளீரென்று நோகும் என்று சொன்னேன். அடுத்த கிழமை அவள் வந்து, அம்மம்மா பொய்ப்பல் போட்டால் நோகுது என்று இத்தனை காலம் சொன்னது அதுதான் போல, பல் கிளினிக்குக்குக் கூட்டிப்போகப் போகிறோம் ரீச்சர் என்றாள்.

தம்பி இப்போது நாடியும் மூடும் முழு ஹெல்மெற் போடுகிறான். வாங்கும்போது நாங்கள் பார்த்தது: நாடிப்பட்டியை இறுக்கிய பின் அதற்குள் இரண்டு விரலுக்கு மேல் நுழையக்கூடாது, தலையை ஆட்டினால் ஹெல்மெற் தனியே சுழலக்கூடாது, பின்னாலிருந்து முன்னோக்கித் தள்ளினால் கழன்று வரக்கூடாது. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெற்றை வெளியே வெடிப்புத் தெரியாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும், உள்ளே இருக்கும் நுரை ஒரு தடவைதான் நசுங்கிக் காப்பாற்றும்.